வில்லிவாக்கத்தில் விழுந்த இடது காது

பாரிமுனையில் ஒரு இரும்புச் சாமான் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு திருவள்ளூர். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம், மின்சார ரயிலில்தான். காலையில் உட்கார இடம் கிடைத்துவிடும். சாயங்காலம் மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் ஓடிப் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆவடி வரை ஒற்றைக் காலில் தவம்.

அப்படித் தவமிருந்த ஒரு ஐப்பசி மாலையில், வில்லிவாக்கத்தில் இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். ஒரு பெரியவரின் குடைக்கம்பி காதை உரசியது. இடது காதிலிருந்த ப்ளூடூத் பட்ஸ் படியில் ஒரு துள்ளு துள்ளி, வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் போய்விட்டது. சத்தம்கூடக் கேட்கவில்லை. வலது காதில் மட்டும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, அதுதான் எரிச்சல். ஒற்றை பட்ஸ் மட்டும் கிடைக்குமா என்று விசாரித்தால், சொன்ன விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் முழு ஜோடியே புதிதாக வாங்கலாம். சரி, இனிமேல் ஒயர்தான் என்று முடிவு செய்தேன். ஒயர் இருந்தால் காதிலிருந்து விழுந்தாலும் கழுத்தில் தொங்கும்.

ஆனால் என் போனில் ஹெட்போன் பின் செருகும் ஓட்டை கிடையாது. 2016ல் ஆப்பிள் ஐபோன் 7ல் அதை எடுத்தபோது எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பெனியாக அதையே செய்தது. சார்ஜ் போடும் டைப்-சி ஓட்டையில் மாட்டுகிற கன்வெர்ட்டர் ஒன்று ஸ்டேஷன் வாசல் கடையில் 150 ரூபாய்க்குக் கிடைத்தது. “எல்லா போனுக்கும் ஆகும்ணா” என்றான் பையன். என் போனுக்கு ஆகவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. இந்தக் கன்வெர்ட்டர்களில் இரண்டு ஜாதி. ஒன்று வெறும் ஒயர். டிஜிட்டலை ஒலியாக மாற்றும் வேலையைப் போனே செய்து, அந்த ஓட்டை வழியாக வெளியே அனுப்ப வேண்டும். எல்லாப் போனும் அப்படி அனுப்பாது. இன்னொன்றில் அந்த மாற்றும் சிப், அதாவது டேக் (DAC), கன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். டேக் உள்ளதைக் கேட்டு வாங்கினேன், நன்றாகவே பாடியது.

உங்களுக்குப் பாட்டு மட்டும்தான் தேவை என்றால் கதையை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். உண்மையில் அதுதான் ஆகச் சிக்கனமான வழி. எனக்கு ஆகாமல் போனதற்குக் காரணம் முதலாளி. நாதஸ்வரம் பல்லவியில் இருக்கும்போது 8.10க்கு அழைப்பு வரும்: “நேத்து அந்த பெரம்பூர் பில்லு போட்டாச்சா?” அதை விட்டால் ஓ.டி.பி., அதையும் விட்டால் கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண் குரல். மேலும் சட்டைப்பையில் போனின் அடியிலிருந்து கன்வெர்ட்டர் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. நெரிசலில் அது வளைந்து, ஒரு மாதத்தில் இடது பக்கம் விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தது. எனக்கென்னவோ இடது காது ராசியில்லை.

ஆகவே தனியாக ஒரு பிளேயர். ஹெட்போனையும் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

முதலில் போனது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம்தான். 300 ரூபாய்க்குத் தீப்பெட்டி அளவில் ஒன்று. திரை கிடையாது, ஐந்து பொத்தான், மெமரி கார்டு போட ஒரு பிளவு, முதுகில் ஒரு கிளிப். கடையிலேயே என் பழைய போன் ஹெட்செட்டை மாட்டிப் பார்த்தேன். பாட்டு வந்தது, பாடகரைக் காணோம். வயலின் இருக்கிறது, தபேலா இருக்கிறது, குரல் மட்டும் கிணற்றுக்கு அடியிலிருந்து முனகுகிறது. கடைக்காரர் அசரவில்லை. “பின்னைக் கொஞ்சம் வெளிய இழுத்துப் பிடிங்க” என்றார். ஒரு மயிரிழை இழுத்ததும் பாடகர் திரும்பி வந்துவிட்டார்.

மாயமெல்லாம் இல்லை. மைக் உள்ள ஹெட்செட்டின் பின்னைப் பாருங்கள், மூன்று கறுப்பு வளையம் இருக்கும். அதாவது நான்கு துண்டு. மைக் இல்லாத சாதாரண ஹெட்போனில் இரண்டு வளையம், மூன்று துண்டு. சில மலிவு பிளேயர்களின் ஓட்டையில் நான்கு துண்டுப் பின் சரியாக உட்காராது. இடது, வலது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் தொடர்பு விட்டுப்போகும். அப்போது இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடகர் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும், ஆகவே அது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு போய்விடும். பற்றும் வரவும் சமமானால் மிச்சம் பூஜ்யம். உங்கள் பிளேயரிலும் பாடகர் காணாமல் போனால் பிளேயரைத் திட்டுமுன் பின்னைப் பாருங்கள்.

அந்தத் தீப்பெட்டியை வாங்கினேன், மூன்று வாரம் வைத்திருந்தேன். சத்தம் மோசமில்லை, பாட்டு இல்லாத இடத்தில் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். என்னை விரட்டியது வேறு. என்னிடம் உள்ளதில் பாதி பட்டிமன்றம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அணைத்துப் போட்டால் மறுபடி தலைவர் வணக்கத்திலிருந்து தொடங்கும். ஒரே பட்டிமன்றத்தின் முதல் அரைமணியை நான்கு நாள் கேட்டேன், தீர்ப்பு வரவேயில்லை.

இன்னொன்று வரிசை. பாட்டுகளுக்கு 01, 02 என்று அழகாக எண் போட்டு ஏற்றினேன். அது 07, 03, 11 என்று தன்னிஷ்டத்துக்குப் பாடியது. திரையில்லாத பிளேயர்கள் பல பெயரைப் பார்ப்பதே இல்லை. கார்டில் எந்த வரிசையில் பதிவாகியிருக்கிறதோ அந்த வரிசைதான் அதற்குத் தெரியும். நடுவில் ஒரு பாட்டை அழித்தால், அடுத்து ஏற்றுகிற பாட்டு அந்தக் காலியிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், பேரேட்டில் கிழித்த பக்கத்தில் வேறொரு ஆளின் கணக்கை எழுதியது போல. கார்டை சுத்தமாக ஃபார்மட் செய்து, ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றினால் சரியாகும். ஃபேட்சார்ட் என்று இதற்கென்றே ஒரு இலவச மென்பொருளும் இருக்கிறது.

அடுத்து இணையத்தில் 2,400 ரூபாய்க்குத் திரை உள்ளது ஒன்று வரவழைத்தேன். பெயர் கேட்டிராத கம்பெனி, படத்தில் பளபளவென்று இருந்தது. பெட்டியைப் பிரித்ததும் என் மகள்தான் முதலில் பார்த்தாள். “அப்பா, இதுக்குத் தமிழ் எழுதத் தெரியலை.”

உண்மைதான். கட்டம் கட்டமாக வந்தால்கூடப் பரவாயில்லை, எழுத்துரு இல்லை என்று விட்டுவிடலாம். இதில் எழுத்து இருந்தது, கோக்கத்தான் தெரியவில்லை. ‘பெண்’ என்பதில் ப முதலில் வந்துவிட்டது, ஒற்றைக் கொம்பு அதற்குப் பின்னால் வந்து நின்றது. ‘மழை’யில் ழகரத்தின் முன்னால் இருக்க வேண்டிய ஐகாரக் குறி, ஊர்வலம் போன பிறகு வந்த மேளக்காரன் மாதிரி கடைசியில். யூனிகோடில் தமிழைச் சேமிக்கும்போது மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும்தான் இருக்கும். கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டுவது திரையில் வரைகிற மென்பொருளின் வேலை. போனும் கம்ப்யூட்டரும் அதைச் செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. மலிவு பிளேயரின் மென்பொருள் எழுத்தை வந்த வரிசையில் அப்படியே அடுக்கிவிடும்.

இது போதாதென்று, பழைய எம்பி3 சிடி காலத்தில் சேர்த்த பாட்டுகளின் பெயர்கள் யூனிகோடே இல்லை, ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் தட்டியவை. அவை நல்ல போனில் போட்டாலும் வண்டி வண்டியாகக் குப்பைதான். ஆகவே என் முடிவு: கோப்பின் பெயரையும் பாட்டின் விவரத்தையும் ஆங்கில எழுத்திலேயே தமிழாக எழுதிவிடுவது. மனசுக்கு உவப்பில்லாத வேலைதான். எம்பி3டேக் என்ற மென்பொருளில் மொத்தமாகப் பெயர் மாற்றலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. தமிழிலேயே வேண்டும் என்கிறவர்கள் ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயராகப் பார்க்க வேண்டும், அது என் சீட்டில் எழுதிய தொகைக்கு மேல்.

அந்த 2,400 ரூபாய்ப் பிளேயரைத் திருப்பி அனுப்பியதற்குத் தமிழ் மட்டும் காரணமில்லை. அதில் பொத்தானே இல்லை, தொட்டால் வேலை செய்கிற கண்ணாடி. பையில் கிடந்தால் வீட்டுச் சாவி தொட்டாலும் பாட்டு மாறும், வேர்த்த கை பட்டாலும் மாறும். நெரிசலில் பிளேயரை வெளியே எடுத்துப் பார்க்கவே முடியாது. சட்டைக்குள் விரலை விட்டுத் தடவியே அடுத்த பாட்டுக்குப் போக வேண்டும். கடையில் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, இது சத்தம் கூட்டுவது, இது நிறுத்துவது என்று விரலால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் எழுதியிருக்கிற எண்களையெல்லாம்விட எனக்கு அது முக்கியம்.

எண்கள் என்றதும் ஒன்று. ஒலி எவ்வளவு நுணுக்கமாகப் பதிவானது என்பதற்கான கணக்காக, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஆடியோ சிடி என்பதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். என்னிடம் இருப்பதோ அப்பாவின் கேசட்டிலிருந்து மாற்றிய நாதஸ்வரம், அதுவும் ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்து வாங்கிய 90 நிமிட கேசட். கொரட்டூர் தாண்டும்போது சக்கரம் போடும் சத்தத்தில் 192 எங்கே கேட்கப் போகிறது?

இந்தச் சமயத்தில்தான் பழைய பொருள் விற்கும் தளத்தில் சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளஸ் கண்ணில் பட்டது. 2009ல் வந்த மாடல், இப்போது தயாரிப்பில் இல்லை. விலை 1,500. நுங்கம்பாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டில் சந்தித்தோம், விற்றவர் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியதாம். நான் என் ஹெட்போனைக் கொண்டு போயிருந்தேன். பழையது வாங்குகிறவர்கள் தயவு செய்து மூன்று விஷயம் பாருங்கள்: பின்னைச் செருகி மெதுவாகத் திருகினால் கரகரக்கிறதா, ஒவ்வொரு பொத்தானும் ஒரே அழுத்தில் பேசுகிறதா, மெமரி கார்டைப் போட்டால் பிடித்துக்கொள்கிறதா. பேட்டரியை நின்ற இடத்தில் சோதிக்க முடியாது, அது அதிர்ஷ்டம். பத்துப் பதினைந்து வருஷத்துப் பேட்டரி முன்போல நிற்காது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். எனக்கு எட்டு மணி நேரம் வருகிறது, மூன்று நாள் பயணத்துக்குப் போதும்.

உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. திரை ஒரு அங்குலம், மேலே ஒரு பட்டை மஞ்சள், மிச்சம் நீலம். முதுகில் கிளிப், பக்கவாட்டில் தனியாக ஒலிப் பொத்தான், முன்னால் நடுவில் ஒன்றும் சுற்றிலும் நான்கும். அதில் ராக்பாக்ஸ் ஏற்றினேன். பழைய பிளேயர்களுக்காக ஆர்வலர்கள் எழுதிப் பராமரிக்கும் இலவச மென்பொருள் அது. அமைப்பில் யூ.எஸ்.பி. முறையை எம்.எஸ்.சி., அதாவது பென்டிரைவ் மாதிரித் தெரியும் முறை, என்று மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினால், அதற்கென்று உள்ள நிறுவும் நிரல் மிச்சத்தைச் செய்துவிடும். பழைய மென்பொருளும் அழியாமல் உள்ளேயே இருக்கும். பழையதில் கார்டு மாற்றும்போதெல்லாம் பாட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கிறேன் என்று உட்கார்ந்துவிடும், டீ குடித்துவிட்டு வரலாம். ராக்பாக்ஸில் கார்டு போட்டதும் கோப்புறையைத் திறந்து பாடவைக்கலாம், எண் வரிசைப்படியே பாடும். பட்டிமன்றத்தைப் பாதியில் நிறுத்தினால் அடையாளம் வைத்துக்கொள்ளும். இதிலும் தமிழ் ஒழுங்காகக் கோக்காது, நான்தான் பெயரெல்லாம் மாற்றிவிட்டேனே. முதல் நாள் சாயங்காலம் செவ்வாப்பேட்டை வந்தபோது நடுவர் தீர்ப்புச் சொன்னார். நான் நினைத்த கட்சி தோற்றது.

பழையது வேண்டாம், புதிதாகத்தான் வேண்டும் என்கிறவர்கள் ஃபியோ, ஹைபி, ஷான்லிங் மாதிரிக் கம்பெனிகளின் ஆகச் சின்ன மாடல்களைப் பார்க்கலாம். கையில் காசு இருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன். அதிலும் பொத்தான் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஹெட்போனுக்கு வருவோம். பிளேயரில் மிச்சம் பிடித்து இதில் போட்டேன், மூன்டிராப் சூ 2, 1,700 சொச்சம். ஒலி எழுப்பும் 10 மி.மீ. டிரைவர் ஒன்றுதான், மின்தடை 18 ஓம், உலோக உடம்பு. ரயிலுக்கு முதல் தேவை காதை அடைப்பது. வீட்டில் நன்றாக இருக்கிற திறந்த வகை ஹெட்போன் எதுவும் இங்கே செல்லாது. வெளிச்சத்தம் உள்ளே வரும், அதை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டுவோம், காது கெடும். சிலிகான் மூடி சரியாக உட்கார்ந்தால் பாதி ஒலி அளவிலேயே எல்லாம் கேட்கிறது. பெட்டியில் மூன்று அளவு மூடி தருகிறார்கள், சோம்பல் படாமல் மூன்றையும் போட்டுப் பாருங்கள். எனக்கு வலது காதுக்கு நடு அளவு, இடது காதுக்குச் சின்னது. ஐப்பசியில் இடது பட்ஸ் ஏன் அவ்வளவு சுலபமாக விழுந்தது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒயரைக் காதுக்கு மேலே வளைத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால் ஒயர் சட்டையில் உரசும் ‘டப் டப்’ காதுக்குள் வராது. சட்டைக்குள் விட்டுக் கழுத்துப் பக்கம் எடுத்தால் அடுத்தவர் பையில் மாட்டாது. மாட்டி இழுத்தாலும் இதில் ஒயரைக் கழற்றலாம், அறுந்தால் ஒயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஹெட்போன் முதலில் சாவது ஒயரில்தான், அதுவும் பின்னுக்குப் பக்கத்தில். ஓம் கணக்கில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். 16, 18, 32 ஓம் என்றால் இந்தச் சின்ன பிளேயர்களே போதும். ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் 250 ஓம் ஹெட்போனை இதில் மாட்டினால் குரல் எழும்பாது. எதிர்ப் பக்கத்திலும் ஒரு தொந்தரவு உண்டு: சின்ன சத்தத்துக்கே பேசுகிற இயர்போனை மலிவு பிளேயரில் மாட்டினால், நான் சொன்ன அந்த ‘ஸ்ஸ்’ பெரிதாகக் கேட்கும். கிளிப் பிளஸில் எனக்குக் கேட்கவில்லை.

மெமரி கார்டு 32 ஜி.பி. போதும். 320 கே.பி.பி.எஸ். எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்.பி.; ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்.பி.; ஆக 2,500 பாட்டுக்கு மேல் கொள்ளும். 512 ஜி.பி. 400 ரூபாய் என்று யாராவது விற்றால் வாங்கி விடாதீர்கள், என் பக்கத்து சீட் நண்பர் வாங்கினார். கம்ப்யூட்டர் 512 என்றுதான் காட்டும், உள்ளே எட்டோ பதினாறோதான் இருக்கும். நிரம்பியதும் புதுப்பாட்டு பழைய பாட்டின் மேலேயே எழுதப்படும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். புது கார்டு எதை வாங்கினாலும் முதலில் அதைத்தான் ஓட்டுகிறேன்.

ரயிலை விட்டு இறங்கியதும் கழற்றிவிடுகிறேன். தண்டவாளம் பக்கம் காதை அடைத்துக்கொண்டு நடந்தவர்கள் கதை ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. கிளிப் பிளஸுக்குச் சார்ஜ் போடுவது மினி யூ.எஸ்.பி. ஒயர், போனுக்கு வருகிற மைக்ரோவும் இல்லை, டைப்-சியும் இல்லை. விற்றவர் கொடுத்த ஒயரை எங்கள் வீட்டு எலி கடித்துவிட்டது. மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். நான்கு கடையில் “அதெல்லாம் இப்ப வர்றதில்லை சார்” என்றார்கள். ஐந்தாவது கடையில் வயதானவர் ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். பழைய கேமராக்களோடு வந்த ஒயர்கள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாக இருந்தன. தூசியை ஊதிவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினார், நாற்பது ரூபாய். பிளேயரை அங்கேயே மாட்டிப் பார்த்தேன், பேட்டரிப் படம் ஏறி இறங்கியது. இன்னும் இரண்டு சேர்த்துக் கொடுங்கள் என்றேன்.